காரிமங்கலத்துப் பரீட்சைச் சுவர்

காரிமங்கலத்தில் கட்டடத் தொழிற்பள்ளி தொடங்கிய வருஷம் 1964. கட்டடம் கட்டவும் பிளான் வரையவும் சொல்லிக்கொடுக்க வந்த அந்தப் பள்ளிக்குச் சொந்தமாக ஒரு கட்டடம் கிடையாது. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு புளி மண்டியின் கொட்டகையை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். மறு வருஷம் தர்மபுரி ஜில்லாவே தனியாகப் பிரிந்து வந்துவிட்டது. பள்ளிக்குக் கட்டடம் வந்தபாடில்லை. இதில் சிரிக்க ஏதோ இருக்கிறது என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். வாத்தியார் அப்துல் சுபானுக்கு அது என்னவென்று கடைசிவரை பிடிபடவில்லை.

சர்க்கார் அவருக்குக் கொடுத்தது வரைபடப் பலகைகளும் ஒரு லோடு செங்கல்லும். அந்த ஒரு லோடை வைத்தே வருஷா வருஷம் காலம் தள்ள வேண்டும். ஆகவே ஒரு சட்டம் போட்டார். பரீட்சைக்குப் பையன்கள் மண் சாந்தில் சுவர் எழுப்புவார்கள். சுபான் தூக்குக்குண்டு விட்டுச் சுவர் நேராக நிற்கிறதா என்று பார்த்து, குற்றம் குறை சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவர் தலை மறைந்ததும் சுவரைப் பிரித்து, கல்லைச் சுரண்டித் துடைத்து அடுக்கிவைக்க வேண்டும். கல் உடையாமல் இருந்தால்தான் மார்க்.

1972-இல் உத்தரவு வந்தது. அதிகாரி பார்வையிட வரும்போது சொந்தக் கட்டடம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பள்ளியைச் சேலத்துக்கு மாற்றிவிடுவார்கள். சுபானுக்குத் தூக்கம் போயிற்று. ஏரியூரிலிருந்தும் வத்தல்மலையிலிருந்தும் வந்து, கொட்டகையிலேயே களி கிண்டித் தின்று படிக்கிற பையன்கள். சேலம் என்றால் அவர்களை யார் அனுப்புவார்கள்? அந்தப் பள்ளி மேல் அவருக்கு உயிர்.

பஞ்சாயத்து புறம்போக்கில் இடம் கொடுத்தது. மண்டிக்காரர், பள்ளி காலி செய்தால் போதும் என்று, வேறிடத்தில் இடித்த பழைய மண்டியின் கல்லையும் ஓடுகளையும் மரத்தையும் கொடுத்தார். சிமெண்டுக்குப் பர்மிட் வரவில்லை. மண் சாந்துதான்.

பையன்களிடம் சுபான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் பள்ளிக்கூடம் என்று தெரிந்தால் கை மெத்தனமாகிவிடும், பரீட்சை என்றால் பயந்து செய்வார்கள் என்பது அவர் கணக்கு. இந்த வருஷப் பரீட்சை இரண்டு அறை, மேலே ஓடு என்று மட்டும் அறிவித்தார்.

பயந்துதான் செய்தார்கள். வேலை முடிந்த அன்று சுபான் நான்கு மூலையிலும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. சந்தோஷமாக வீட்டுக்குக் கிளம்பினார். வீட்டில் மனைவி ஜுபைதா, பையன்களிடம் விஷயத்தைச் சொல்லியாயிற்றா என்று கேட்டாள். நாளைக்கு அதிகாரி எதிரிலேயே சொல்லலாம் என்றார் சுபான்.

காலை முதல் பஸ்ஸில் தர்மபுரி போய், மத்தியானம் அதிகாரியைக் கையோடு அழைத்து வந்தார். புறம்போக்கில் செங்கல் வரிசை வரிசையாக அடுக்கியிருந்தது. ஓடு தனி, மரம் தனி. பக்கத்தில் பையன்கள் கை கட்டி நின்றார்கள்.

"கல்லு ஒண்ணுகூட ஒடையலீங்க சார்," என்றான் மூத்தவன் பெரியண்ணன்.

அதிகாரி ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வேலை சுத்தம் என்றார். பிறகு கட்டடம் எங்கே என்று கேட்டார். சுபான் வரிசையைக் காட்டினார். நிற்கிற கட்டடத்துக்குத்தான் உத்தரவு என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, அதிகாரி சாயங்கால பஸ் ஏறினார்.

யார் மேல் கோபப்படுவது என்று சுபான் தேடிப் பார்த்தார். இத்தனை வருஷமாகக் கட்டச் சொல்லிக்கொடுத்தார், பிரிக்கச் சொல்லிக்கொடுத்தார். கட்டியதை விட்டுவைக்க ஒரு நாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. எல்லோருக்கும் முழு மார்க் போட்டார். போட்ட பிறகுதான், அவர்கள் கட்டியது பள்ளிக்கூடம் என்பதையும், இனி பள்ளி சேலத்துக்குப் போய்விடும் என்பதையும் சொன்னார்.



"இது நம்ம பள்ளிக்கூடம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே சார்," என்றான் பெரியண்ணன்.

பிறகு போய்க் குவித்திருந்த மண்ணில் தண்ணீர் ஊற்றி மிதிக்க ஆரம்பித்தான். இன்னொருவன் நூல் பிடித்தான். மற்றவர்கள் கல்லை எடுத்து வந்தார்கள்.

"அதிகாரி போயாச்சுப்பா. இதுக்கு மார்க் கெடையாது," என்றார் சுபான்.

"தெரியுமுங்க சார்," என்றான் பெரியண்ணன்.