மெதுவாகக் கடித்த கடி

அன்று காலை ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மகள், மாப்பிள்ளை, அவரைப் பெற்ற சம்பந்தியம்மா, தூக்கத்தில் பல் கடிப்பதை ஆராயும் டாக்டரம்மா. கதவருகே நின்று பார்த்ததாகச் சொல்லித் திரிகிற மாப்பிள்ளையின் சித்தப்பா அங்கே இல்லவே இல்லை.

விஷயம் இதுதான். என் மகள் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறாளாம். அது எங்கள் குடும்ப நோயாம், மறைத்துக் கட்டிவைத்தோமாம். சோதனையில் உறுதியானால் அவளை எங்கள் வீட்டிலேயே விட்டுவிடுவதாகச் சம்பந்தியம்மா சொல்லியனுப்பினார். எங்கள் குடும்பத்தில் அப்படித் திரும்பி வந்த பெண் கிடையாது. பார்த்துவிடலாம் என்றேன்.

முந்தைய நாள் மாலை அவள் கன்னங்களில் வயர் ஒட்டினார்கள். தூங்குவதற்கு முன் ஒருமுறை முழுப் பலத்தோடு பல்லைக் கடிக்க வேண்டும். அதை நூறு என்று வைத்துக்கொண்டு, தூக்கத்தில் தாடைத் தசை எவ்வளவு இறுகுகிறது என்று இயந்திரம் அளக்கும். சம்பந்தியம்மா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் மகளின் காதருகே குனிந்து, "மெதுவாக் கடிம்மா. பெரியவங்க முன்னாடி மூஞ்சியைக் கோணாதே" என்றேன். எங்கள் வீட்டுப் பெண்களை அப்படித்தான் வளர்த்திருக்கிறோம். அவள் பஞ்சைக் கடிப்பதுபோலக் கடித்தாள்.

காலையில் டாக்டரம்மா திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "ராத்திரி பூரா கடிச்சிருக்காங்கன்னு வருது."

"கேட்டுக்கிட்டீங்களா சம்பந்தி? அரவை மில்லை எங்க தலையில கட்டிட்டீங்க!"

"வார்த்தையை அளந்து பேசுங்க."

"அதான் மெஷினே அளந்துடுச்சே!"

மாப்பிள்ளை கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க" என்றார் டாக்டரம்மா. "நேத்து கடிச்சது ரொம்பக் கம்மியா பதிவாகியிருக்கு. அதோட ஒப்பிட்டா எச்சில் முழுங்கினாக்கூடப் பெருசாத்தான் தெரியும். ஏம்மா, முழுப் பலத்தோடதான் கடிச்சீங்களா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். "நான்தான் வேணாம்னேன்" என்றேன்.

"வயர் அப்படியேதான் இருக்கு. இப்போ கடிங்க."

மாமியாரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கடித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. திரையில் கோடு உச்சிக்கு ஏறியது. டாக்டரம்மா மறுபடி கணக்கிட்டார். இரவு முழுவதிலும் பல் கடித்ததாக நான்கே இடங்கள் மிஞ்சின.

"இது எல்லாருக்கும் இருக்கிறதுதான்."

மாப்பிள்ளை அன்று முதல்முறையாகப் பேசினார். "அப்புறமென்ன, வா, போலாம்."

மகள் வயர்களைத் தானே பிய்த்தெடுத்தாள். "நீங்களும் அத்தையும் போங்க. அப்பா, நம்ம வீட்டுக்குப் போலாம்."

"திமிரைப் பாரு!" என்றார் சம்பந்தியம்மா.

நான் மகளின் பையை எடுத்துக்கொண்டேன்.

நோய் உறுதியானதால் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உலவுகிறது. நோய் இல்லை. யாரும் அனுப்பவில்லை. அவளாகத்தான் வந்தாள்.