வில்லனுக்கு ஐந்து பாட்டு

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது என்று சொல்லத்தான் ஆசை. உண்மை வேறு. காதலில் விழுந்து தவிக்கும் ஒரு வில்லனைப் பற்றிய வெப் சீரிஸுக்கு நான் வசனமும் பாட்டும் எழுதினேன். அதில் ஒரு தப்பு செய்தேன். அந்தத் தப்பு உறுத்திக்கொண்டே இருந்ததால் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதும் அதையே செய்கிறேனோ என்று ஒரு சந்தேகம். படித்துக்கொண்டே வாருங்கள், எனக்கு முன்னால் நீங்கள் பிடித்துவிடுவீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “ஷட்டரை உயர்த்தியதும் ஞாயிறு காலையின் வெளிச்சம், கத்தரித்த பட்டுத் துணியாய்...”

வேண்டாம். அக்கா படித்தால் சிரிப்பாள்.

இரண்டாவது தொடக்கம்: துணி ஆல்ட்ரேஷன் கடை வைத்திருக்கும் அக்கா, நாற்பத்தாறு வயதில், ஆறு எபிசோடு பாட்டு சீரிஸ் ஒன்றை எடுத்தே தீருவது என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

இது போதும். (என்னைவிட நான்கு வயது இளையவள். ஆனாலும் எனக்கும் அக்காதான்.)

2

வில்லனாக நடித்தவன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். ஆறடி உயரம், கதவு நிறையும் உடம்பு, கணீரென்ற குரல். கூட வேலை செய்கிறவர்கள் ‘ஓவர்லோடு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கூப்பிட்டால் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பான்.

வில்லன் பாலத்தைத் தகர்ப்பதாகத்தான் முதலில் எழுதினேன். கையிருப்பைப் பார்த்துவிட்டு, பாலத்தின் விளக்கை அணைக்கிறான் என்று மாற்றினேன். அதற்கும் அனுமதி வாங்க வேண்டுமாம். கடைசியில் லிஃப்டை நிறுத்தினான். ஒன்பதாவது மாடியில் இருக்கும் கதாநாயகி படியேறித்தானே போக வேண்டும்? ஐந்தாவது மாடியில் அவன் வாசலைத் தாண்டும்போது பாட ஆரம்பித்துவிடுவான். திரைச்சீலைக்கு உள்ளே கொடுக்கும் கறுப்புத் துணியில் அக்கா அவனுக்கு மேலங்கி தைத்தாள். அதைப் போட்டுக்கொண்டு அவன் நின்றால் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

3

(கதைக்கு நடுவே ஒரு மின்விசிறி. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஞாயிறுகளில் கடைக்குள்தான் படப்பிடிப்பு. நூல் டப்பாக்களை அடுக்கி அதன்மேல் செல்போனைச் சாய்த்து வைப்போம். கடையில் ஒரே ஒரு ஃபேன், கடகடவென்று சத்தம் போடும். வசனம் பேசினால் அதை நிறுத்தியாக வேண்டும். பாட்டு என்றால் அந்தக் கவலை இல்லை. ஏற்கெனவே பதிவு செய்ததை ஓடவிட்டு வாயசைத்தால் போதும், ஃபேன் பாட்டுக்கு ஓடும்.

வசனம் ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் ஓவர்லோடின் மையிட்ட புருவம் கன்னத்துக்கு இறங்கிவிடும்.

“சார், இந்த டயலாக்க மட்டும் பாட்டாக்கிடலாமா?” என்பான்.

ஆக்கினேன். அவனுடையதையும் ஆக்கினேன், கதாநாயகியுடையதையும் ஆக்கினேன். எல்லாம் அவனுக்கே. ஐந்து எபிசோடு, வில்லனுக்கு ஐந்து பாட்டு. அவள் சன்னல் ஓரம் நிற்பாள், திரும்புவாள், கண்ணைத் தாழ்த்துவாள்.

4

ஆறாவது பாட்டும் பதிவாகிவிட்டது. வில்லன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டுப் பாடுகிறான், அவள் புன்னகைக்கிறாள், முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்தாக வேண்டும். திங்கட்கிழமை ஓவர்லோடு புது வேலைக்கு வெளியூர் போகிறான்.

சனிக்கிழமை மதியம் கடையில் நாங்கள் மூவரும் இருந்தபோது, கதாநாயகியாக நடிப்பவள் வந்தாள்.

“நாளைக்கு நான் வரலக்கா.”

இங்கே நிறுத்துகிறேன். மேலே எழுதியதையெல்லாம் திரும்பப் படித்துப் பார்த்தேன். இந்தக் கதையில் அவள் பேசும் முதல் வரி இதுதான். அக்காவுக்கு வயது கொடுத்தேன், அவனுக்கு உயரம் கொடுத்தேன், ஃபேனுக்குக்கூடச் சத்தம் கொடுத்தேன். அவளுக்கு ஒன்றும் இல்லை. நான் சொன்ன தப்பு இதுதான், சந்தேகமே இல்லை.

“ஏம்மா, உடம்புக்கு முடியலையா?” என்று கேட்டாள் அக்கா.

“உடம்புக்கென்ன, நல்லாத்தான் இருக்கு.” என் பக்கம் திரும்பினாள். “நான் என்ன வேலை பாக்குறேன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?”

திருதிருவென்று விழித்தேன்.

“தண்ணி ஆபீஸ்ல புகார் கேக்குற போன்ல உக்கார்றேன். காலையில எட்டரைக்கு ஹெட்போன மாட்டினா சாயங்காலம் வரைக்கும் அடுத்தவங்க கத்துறத கேக்கணும். பதில் பேசக் கூடாது. ‘பதிவு பண்ணிட்டேன்’னு மட்டும் சொல்லலாம். ஞாயித்துக்கெழமையாவது வேற ஆளா இருக்கலாம்னு வந்தேன். இங்கயும் கேட்டுக்கிட்டுத்தான் நிக்கிறேன்.”

“அவன் உன்ன நெனச்சு உருகித்தானே பாடுறான்?” என்றான் ஓவர்லோடு, பாவமாக.

“லிஃப்ட நிறுத்தி ஒம்பது மாடி ஏறவெச்சீங்கண்ணே. கால் வலிக்குதான்னு ஒரு தடவ கேட்டானா அவன்?”



5

சில முடிவுகளை யோசித்தேன். கதைக்கு அல்ல, சீரிஸுக்கு.

அ) வில்லன் மொட்டை மாடியிலிருந்து... (பட்ஜெட்.)

ஆ) அவள் இல்லாமலே எடுப்பது. கடை வாசலில் நிற்கும் பொம்மைக்கு அவள் உடையை மாட்டி, முதுகுப் பக்கமிருந்து காட்டினால் தெரியாது. இதை நான் வாய்விட்டே சொல்லித் தொலைத்தேன், அவளை வைத்துக்கொண்டே.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அஞ்சு எபிசோடு பொம்மைய வெச்சுத்தானே எடுத்திருக்கோம்.”

வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

“ஆறுன்னு சொல்லியிருக்கேன், ஆறு வரும்” என்றாள் அக்கா. “வாங்கின துணிய அரைகுறையா நான் திருப்பிக் குடுத்ததில்ல. ஆனா தப்பா தெச்சது தெரிஞ்சுபோச்சுன்னா பிரிச்சுத்தான் ஆகணும். அந்தக் கடைசிப் பாட்டு வேணாம்.”

“ரெக்கார்டிங்கே முடிஞ்சிடுச்சேக்கா” என்றேன்.

“முடிஞ்சா முடிஞ்சிட்டுப் போகுது. நாளைக்கு இவ பாடட்டும். மெட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம், சொல்ல வேண்டியத சொல்லட்டும்.” அவள் பக்கம் திரும்பினாள். “வர்றியாம்மா?”

“நான் என்ன சொன்னாலும் வெட்ட மாட்டீங்களே?”

“மாட்டேன்.”

“அப்ப நான் என்ன பண்றது?” என்றான் ஓவர்லோடு.

“கேளு.”

“கேக்குற மாதிரி எப்படிக்கா நடிக்கிறது?”

“நடிக்காத. கேளு.”

என்னிடம் யாரும் எழுதச் சொல்லவில்லை. பழக்க தோஷம், வீட்டுக்குப் போய் எழுதிப் பார்த்தேன். “உன் படிகளில் என் பாதம்...” அடித்தேன். “வெறுக்கவில்லை உன்னை, ஆனால்...” அதையும் அடித்தேன். எதை எழுதினாலும் அவனுடைய ஆறாவது பாட்டாகவே வந்தது. தாளைக் கிழித்துப் போட்டேன்.

6

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். கையில் தாள் எதுவும் இல்லை. சன்னல் ஓரம் போகாமல் அறையின் நடுவே வந்து நின்றாள்.

மேலங்கியோடு முக்காலியில் உட்கார்ந்திருந்த ஓவர்லோடு, அக்கா சொல்வதற்கு முன்பே எழுந்து போய் ஃபேனை நிறுத்தினான். இறக்கைகள் நின்றதும் தெருவில் யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போவது கேட்டது. அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு புருவம் இறங்க ஆரம்பித்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

அவள் வாயைத் திறந்தாள்.

7

அவள் பாடியது எனக்கு மனப்பாடம். ஆறாவது எபிசோடு சொன்னபடி வந்தது, ஒரு சொல்லைக்கூட அக்கா வெட்டவில்லை. அவனை மன்னித்தாளா, இல்லையா, லிஃப்ட் ஓடியதா என்றெல்லாம் இங்கே எழுதிவிடலாம். என் மேஜையில் மூன்று முடிவுகள் தயாராக இருக்கின்றன, மூன்றும் நன்றாகவே வந்திருக்கின்றன. அதுதான் பயமாக இருக்கிறது. அவனுக்கு ஆறு பாட்டு எழுதிய கை இது. அவளுடையதை இது எழுதாது.

கீழே அவளுக்காக இடம் விட்டிருக்கிறேன். அதை நீங்களும் நிரப்ப வேண்டாம். உங்கள் அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் எழுந்து போய் நிறுத்திவிட்டு வந்து உட்காருங்கள். வியர்க்கும், பரவாயில்லை.