சுங்கத்தில் தங்கிய ஒரு பிடி மண்

எண்பத்திரண்டாம் ஆண்டு குவைத்திலிருந்து திரும்பிய பெண்கள் கசட் ரேடியோ கொண்டுவந்தார்கள், மினுங்கும் போர்வை கொண்டுவந்தார்கள். வன்னியில் ஸ்கந்தபுரத்து மீனம்மா கொண்டுவந்தது தண்ணீர் இறைக்கும் மிசின். அதையும் சும்மா கொண்டுவந்தாளா? அடிபட்டுவிடுமே என்று தன் சேலைகளையெல்லாம் அதற்குச் சுற்றிவிட்டாள். கொழும்பு விமான நிலையத்துச் சுங்க அதிகாரிக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்!

"என்னம்மா, ஒளிச்சுக் கொண்டுவாறீங்களோ?" யாழ்ப்பாணத்துப் பேச்சு. கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"ஐயோ இல்லீங்கய்யா, தண்ணி மிசினுங்க."

"கடவுச்சீட்டில வீட்டுப் பணிப்பெண் எண்டு கிடக்கு. வீட்டு வேலைக்கு இது என்னத்துக்கு? வியாபாரச் சாமானெண்டால் வரி கட்டவேணும். இல்லாட்டி இஞ்சை வைச்சிட்டுப் போங்கோ."

மீனம்மா மிசினை இறுகப் பிடித்துக்கொண்டாள். உழைத்ததெல்லாம் அந்த மிசினில்தான் இருந்தது. புருசன் ஆண்டியப்பன் வாளியால் இறைத்து இறைத்தே இடுப்பொடிந்து கிடந்தான். இந்தப் போகமும் மிளகாய் கருகினால், காணியை விட்டுவிட்டுக் கூலிக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

அதிகாரி சேலையை உரித்தார். மிசினின் கைப்பிடியில் ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தால் மண்!

"வெளிநாட்டு மண்ணோ? பூச்சி புழு வருமெண்டு தடையெல்லோ, தெரியாதோ?"

"வெளிநாட்டு மண்ணு இல்லீங்கய்யா! எங்க காணி மண்ணு. போறப்ப நாந்தான் கொண்டுபோனேன்." மீனம்மாவுக்குப் பயம் போய் ரோசம் வந்துவிட்டது. "தேயிலைத் தோட்டத்துல மூணு தலைமுறை உழைச்சோம், ஒரு பிடி மண்ணு சொந்தமில்ல. எழுவத்தேழு கலவரத்துல அடிச்சு வெரட்டினாங்க. வன்னிக்கு வந்து காடு வெட்டித்தான் இது கெடைச்சுது. விட்டுட்டுப் போக மனசு வரலீங்க."

அவர் அந்த மண்ணை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"என்ன பயிர்?"

"மொளகாங்கய்யா."

"அப்ப நீங்கள் பயிர் செய்யிற கமக்காரி! முதலே சொல்ல என்ன?"

"யாருமே கேக்கலீங்களே."

பாவி மனுசன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"திரும்பி வாற ஆள் தன்ரை தொழிலுக்கு ஒரு கருவி வரியில்லாமல் கொண்டுவரலாம். எடுத்துக்கொண்டு போங்கோ." சேலையின் மேல் சோக்குக்கட்டியால் அனுமதி அடையாளமாக ஒரு கோடு இழுத்தார். "மண்ணை மட்டும் வெளியில விடேலாது. எங்கடை மண்ணெண்டாலும் சட்டம் சட்டம்தான்."

சொன்னவர், மண்டபத்து மூலையில் நின்ற குரோட்டன் செடிச் சாடியில் தானே அதைக் கொட்டி, உள்ளங்கையால் அமத்திவிட்டார்.

"இஞ்சை கிடக்கட்டும். நான் தண்ணி ஊத்துறன்."

மீனம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அழுகையில் அவர் பெயரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

ஸ்கந்தபுரத்தில் மிசின் இரண்டு தரம் இருமியது. பிறகு தண்ணீர் பாய்ந்ததே ஒரு பாய்ச்சல்! ஆண்டியப்பன் இடுப்பு வலியையும் மறந்து சின்னப்பிள்ளை போல வாய்க்காலில் குதித்தான்.

"சுங்கத்துக்காரரு சும்மாவா விட்டாரு? என்னத்தக் குடுத்த?"

"நம்ம மண்ணுதான் அங்க நின்னுடுச்சு. மகராசன், அவரு நல்லா இருக்கணும்."

மீனம்மா முதல் தண்ணீரில் ஒரு கை அள்ளி, கொழும்புப் பக்கமாகத் திரும்பி நின்று வீசினாள்.

"என்ன புள்ள பண்ற?"

"அங்கயும் நம்ம காணி கொஞ்சம் கெடக்குல்ல. அவரு ஒருத்தரே எத்தன நாளைக்கு ஊத்துவாரு?"