பேர் சொல்ல விரும்பாத ஒருவர்

ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு மெட்ரோவில் ஏறி, நகரத்தின் மறுகோடியில் சோனா ரோசாவில் இறங்குவதுதான். அங்கே ஆணும் ஆணும் கைகோத்து நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே பார், அதே பாட்டு, அதே முகங்கள். அலுத்துத்தான் போயிருந்தது. ஆனாலும் அங்கே என் தெருக்காரர்கள் யாரும் வருவதில்லை. அது போதும் என்றிருந்தேன்.

ஃபெர்மினுக்குப் போதவில்லை.

"இந்த ஞாயிறு நான் பெனோனுக்கு ஆடப் போறேன். அங்க சவுண்டு கட்டுறாங்க. வந்தா வா. வரலைன்னா இனிமே சோனா ரோசாவுல என்னைத் தேடாதே."

"பெனோன் என் தெருப்பா."

"தெரியும். அதான் சொல்றேன்."

வந்தேன். பிறந்த தெருவிலேயே திருடன் மாதிரி தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றேன். தெருவை மறித்து மூன்று ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்கள். கும்பியா ஆட்டப்பாட்டு அதிர்ந்த அதிர்வில், தலைக்கு மேல் இறங்கும் விமானத்தின் சத்தம்கூடக் கேட்கவில்லை. கூட்டம் வட்டமாக விலகி நிற்க, நடுவில் இரண்டு மீசைக்காரர்கள் ஒருவரையொருவர் சுழற்றி ஆடினார்கள். பார்த்து நின்ற பெண்கள் கைதட்டினார்கள். இது நான் சின்ன வயதிலிருந்தே பார்த்ததுதான். அவர்கள் வேறு, நான் வேறு என்று நினைத்துக்கொண்டே வளர்ந்துவிட்டேன்.

எனக்குப் பயம் மைக்கைப் பார்த்துத்தான். சவுண்டுக்காரர் டோன் நபோர், பாட்டு ஓட ஓட, கூட்டம் எழுதிக் கொடுக்கும் வாழ்த்துச் சீட்டுகளை அதில் வாசிப்பார். அது போன் வழியாக அப்படியே நியூயார்க் வரை போகும். அங்கே ஓர் ஓட்டல் சமையலறையில் என் அண்ணன் ஒனேசிமோ கேட்டுக்கொண்டிருப்பான். பேப்பர் இல்லாமல் எல்லை தாண்டிப் போனவன். பதினெட்டு வருடமாக ஊர் திரும்ப வழியில்லை. ஒவ்வொரு ஞாயிறும் டோன் நபோரின் போனுக்கு எனக்கான ஒரு வாழ்த்து அனுப்புவான். ராத்திரி போன் பண்ணி "கேட்டியாடா?" என்பான். "கேட்டேண்ணே" என்பேன். ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. அம்மா போனபிறகு எனக்கென்று இருப்பது அந்த ஒரு போன்தான். என் விஷயம் தெரிந்தால் அதுவும் நின்றுவிடும் என்று நினைத்தேன்.

பீர் வாங்கிக்கொண்டு திரும்பியபோது ஃபெர்மின் பேனாவைப் பையில் செருகிக்கொண்டிருந்தான்.

"சீட்டு குடுத்துட்டேன்."

"என்ன எழுதின?"

"உள்ளதைத்தான்."

"உனக்கென்ன கிறுக்கா? அண்ணன் கேட்டுக்கிட்டிருப்பான்."

"கேக்கட்டுமே. 'அடுத்த மாசம் சொல்றேன், அடுத்த மாசம் சொல்றேன்'னு நீ சொல்றதை ஆறு வருஷமா நான் கேட்டுக்கிட்டு இல்லையா?"

இரண்டு பீரையும் அவன் கையில் திணித்துவிட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்தேன். யார் யார் காலையோ மிதித்தேன். ஒருத்தி என் பரம்பரையையே திட்டினாள். மைக் ஒவ்வொரு முறை கரகரக்கும்போதும் என் பெயர்தான் வரப்போகிறது என்று இன்னும் வேகமாக முண்டினேன்.

மேடைக்குக் கீழே சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் யஹைரா. திருநங்கை, எங்கள் தெருவில் சலூன் வைத்திருப்பவள், பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்கு முடி வெட்டுகிறவள்.

"அக்கா, ஒரு சீட்டு தப்பா வந்துடுச்சு. திருப்பிக் குடு."

"சீட்டு தப்பா வந்துச்சா, நீ பயந்து வந்தியா? முழியே சரியில்லையே கண்ணு." மொத்தக் கட்டையும் என் கையில் வைத்தாள். "சீக்கிரம் தேடு. அவர் கையை நீட்டிக்கிட்டு நிக்கிறார்."

ஃபெர்மினின் கையெழுத்து எனக்குத் தெரியும். எடுத்துப் படித்தேன்.

'ஃபெர்மினும், பேர் சொல்ல விரும்பாத ஒருவரும் பெனோன் மக்களுக்கு அன்பு சொல்கிறார்கள்.'

நான் பயந்த மாதிரி அதில் எதுவும் இல்லை. அப்படியே வைத்துவிட்டுப் போய் நிம்மதியாகப் பீர் குடித்திருக்கலாம். ஆனால் சுருக்கென்றது. ஆறு வருடம் கூட இருந்தவனுக்கு நான் இவ்வளவுதான். கோபத்தில் கிறுக்கினதாகவும் தெரியவில்லை. நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தான்.

மேலே மைக் கரகரத்தது. "நியூயார்க்கிலேர்ந்து ஒனேசிமோ. கூட்டத்துல நிக்கிற தம்பி ஹசிந்தோவுக்கு வாழ்த்து. தம்பி, எங்க இருந்தாலும் கையைத் தூக்கு."

எனக்குக் கை எழவில்லை.

"வருஷக்கணக்கா வாசிக்கிறார்" என்றாள் யஹைரா. "இன்னைக்குத்தான் ஆள் வந்திருக்கு."

"பேனா இருக்காக்கா?"

பாதியை அடித்துவிட்டு எழுதினேன்: 'ஃபெர்மினும், அவனைக் காதலிக்கும் ஹசிந்தோவும் (ஒனேசிமோவின் தம்பி).' எழுத்து கோணிக்கொண்டு போனது. யஹைரா படித்துப் பார்த்துவிட்டு, கட்டின் மேலேயே வைத்தாள்.

ஃபெர்மின் நின்ற இடத்திலேயே நின்றான். "கிழிச்சாச்சா?"

"ஆடலாம் வா."

எனக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தது அண்ணன். எங்கள் வீட்டு அடுப்படியில், சின்னவன் என்பதால் எப்போதும் என்னைத்தான் பெண்ணாக ஆடவைப்பான். ஃபெர்மின் இழுத்த இழுப்புக்குப் போனேன். மூன்று முறை தாளம் தப்பியது. எங்கள் சீட்டு வாசிக்கப்பட்டபோது அவன் கால் அப்படியே நின்றுவிட்டது. அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

கூட்டத்தில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. என் போனிலும் சத்தமில்லை. ஒரு பாட்டு முடிந்தது, இன்னொன்றும் முடிந்தது. அண்ணன் என்னைத் தலைமுழுகிவிட்டான் என்று முடிவுகட்டினேன். ஓடிவிடலாமா என்று கால் பரபரத்தது.

மைக் மறுபடி கரகரத்தது. டோன் நபோர் போனைக் கண்ணுக்கு அருகே பிடித்துக்கொண்டு வாசித்தார்.

"மறுபடி ஒனேசிமோதான். இது ஃபெர்மினுக்காம். 'என் தம்பிக்கு, கூட ஆடுறவன் இழுத்த பக்கம் போகத்தான் தெரியும். நான்தான் அப்படிக் கத்துக்குடுத்தேன். கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ, விட்டா ஓடிருவான்.' ஹசிந்தோ தம்பி, இப்பவாவது கையைத் தூக்குப்பா."

ஒரு கை ஃபெர்மினிடம் இருந்தது. மற்றதைத் தூக்கினேன்.