மூன்று நிமிடம் பத்து நொடி

எங்கள் வீட்டுக்காரர் ரசலையனுக்குக் காது கூர்மை. குழித்துறையில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், இதை அவரே சொல்லிவிடுவார். அடுப்பில் பால் பொங்கி வழிவது மட்டும் அந்தக் காதில் விழாது.

சவூதியில் தம்மாமில் இருபத்தாறு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். அங்கே வாங்கிய ரெக்கார்டு பிளேயர் ஒன்று அட்டைப்பெட்டியோடு பரணில் கிடந்தது. ஐந்து வருடத்துக்கு முன்பு, யூடியூபில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் ரெக்கார்டு கேட்டுக்கொண்டே கண்ணை மூடித் தலையாட்டுவதைப் பார்த்தார். அன்றைக்கே அதைக் கீழே இறக்கினார். நூற்றுப்பத்து வோல்ட் மெஷின், நம் ஊர்க் கரண்டில் நேராகச் செருகினால் புகைந்துவிடும் என்று ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி வைத்தார். "எலக்ட்ரீஷியன் வீட்டுல இதெல்லாம் ஒரு காரியமாட்டி?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியை நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு பிடித்ததுதான் கார்ட்ரிட்ஜ் பைத்தியம். கார்ட்ரிட்ஜ் என்பது ரெக்கார்டில் உரசுகிற ஊசியைத் தாங்கும் சாமான், கட்டைவிரல் அளவுதான் இருக்கும். மெஷினோடு வந்தது ஒன்று. காந்தம் அசைந்து சத்தம் எடுப்பது இன்னொன்று, மூவிங் மேக்னட்டாம். கம்பிச்சுருள் அசைவது மூன்றாவது, மூவிங் காயில். அதை வாங்கிய அன்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை எங்கள் மகன் பிறந்த அன்றுகூட நான் பார்க்கவில்லை.

தினமும் மத்தியானம் யாக்கூப் வந்துவிடுவார். தேங்காப்பட்டணத்துக்காரர், ஒரு காலத்தில் மார்க்கெட் பக்கம் மைக் செட் கடை வைத்திருந்தவர். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு பேசுவார்கள். மேக்னட்டில் நடுக்குரல் தேங்காய்ப்பால் விட்ட மாதிரி இருக்கிறதாம். காயிலில் குரலுக்கும் குரலுக்கும் நடுவே காற்று ஓடுகிறதாம். பழசு வறண்டு கிடக்கிறதாம். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாட்டும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவள் நான். என்னிடம் கேட்டதெல்லாம் தேயிலைத் தண்ணிதான்.

பொய் சொல்லக் கூடாது, வித்தியாசம் உண்டு. காயிலில் ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சுவிடுவதுகூடக் கேட்கும். மேக்னட் அதையெல்லாம் மூடி, பாடுகிற ஆளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்தும். ஆனால் எதைப் போட்டாலும் எல்லாப் பெண்களும் ஜலதோஷம் பிடித்தவர்கள் மாதிரிப் பாடினார்கள். "மெதுவா ஓடுது" என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் ஒரே பதில்தான்.

"அது கனமாக்கும்ட்டி. நல்ல கார்ட்ரிட்ஜுக்கு ஒரு நிதானம் உண்டும். ஒனக்கு வெளங்காது."

கனம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டிருப்பேன். அதற்குள் எங்கள் சபைக்கு நூற்றைம்பதாவது ஆண்டு வந்தது.

1979-இல் புது ஆலயப் பிரதிஷ்டைக்காக எங்கள் பாடகர் குழு ஒரு ரெக்கார்டு போட்டது. அதில் ஒரு கீர்த்தனையைத் தனியாகப் பாடியது பூங்கனி என்கிற நான்தான். பத்தொன்பது வயது. மேல் சுரத்தில் நான் போய் நின்றால் பாட்டு வாத்தியார் கையை இறக்க மறந்துவிடுவார். அப்புறம் தைராய்டு ஆபரேஷன், அதோடு அந்தக் குரல் போயிற்று. இப்போது அது மிச்சம் இருப்பது அந்த ரெக்கார்டில் மட்டும்தான். அதைப் பென் டிரைவில் ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபை முழுக்கக் கேட்கும்படி போடுவதாகக் கமிட்டியில் முடிவாயிற்று. ஊரில் ஓடுகிற மெஷின் எங்கள் வீட்டில்தான் இருந்தது.

திங்கட்கிழமை கமிட்டிக்காரர் லிஜோ வந்து ரெக்கார்டைக் கேட்டுப் பார்த்தார். "கொள்ளாம் மாமி, நல்ல குரலு. தனியாட்டு பாடுகது எந்த மாமா?" என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஞாயிற்றுக்கிழமை சபை முழுக்க இப்படித்தான் கேட்கும்.

அழுது முடித்ததும் கணக்கு போட்டேன். ரெக்கார்டின் லேபிளில் பாட்டு மூன்று நிமிடம் பத்து நொடி என்று அச்சடித்திருக்கிறது. எங்கள் வீட்டில் அது மூன்று நிமிடம் நாற்பத்தெட்டு நொடி ஓடியது. சரியாக ஐந்துக்கு ஆறு. மெஷினை எடுத்த பிறகு பரணுக்கே போன காலி அட்டைப்பெட்டியில் ஒரு கையேடு கிடந்தது, ஆண்பிள்ளை கை படாமல் புத்தம் புதிதாக. சவூதியில் கரண்ட் அறுபது சைக்கிள், அதாவது நொடிக்கு அறுபது தடவை முன்னும் பின்னும் அலையும்; இங்கே ஐம்பது. மோட்டாரின் வேகம் சைக்கிளைப் பொறுத்ததாம். வோல்ட்டேஜைத்தான் டிரான்ஸ்ஃபார்மர் மாற்றும், சைக்கிளை மாற்றாது. ஐம்பது சைக்கிள் நாட்டுக்கென்று, மோட்டார் தண்டில் மாட்ட இன்னொரு பித்தளைக் கப்பியும் பெட்டியில் வைத்திருக்கிறோம் என்று கம்பெனிக்காரன் படம் போட்டுக் காட்டியிருந்தான். அந்தக் கப்பி என் பட்டன் டப்பாவில் இருபது வருடமாகக் கிடந்தது. திரைச்சீலைக் கம்பியின் சாமான் என்று நான்தான் எடுத்துப் போட்டிருந்தேன். அந்தத் தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் எலக்ட்ரீஷியன் இல்லை.

எந்தக் கார்ட்ரிட்ஜில் பதிவு செய்வது என்று முடிவெடுக்க வெள்ளிக்கிழமை மத்தியானம் பரீட்சை வைத்தார்கள். மெஷினுக்கு முன்னால் ஒரு போர்வை கட்டினார்கள். உள்ளே இருந்து கார்ட்ரிட்ஜை மாற்றிப் போட, ஒன்றும் தெரியாத ஆள் ஒருத்தர் வேண்டும் அல்லவா? என்னை உட்கார வைத்தார்கள். வெளியே எங்கள் வீட்டுக்காரரும் யாக்கூபும், பேனாவும் நோட்டுமாக. கொறிக்க முன்னால் அச்சப்பம்.

முதலில் பழைய கார்ட்ரிட்ஜை மாட்டி என் பாட்டைப் போட்டேன். "வறட்சி, நாலு மார்க்கு" என்றார் எங்கள் வீட்டுக்காரர். இரண்டாவது தடவையும் அதையே போட்டேன். "மேக்னட்டு! தேங்காப்பால்! ஏழு." மூன்றாவது தடவையும் அதையேதான். "ஹா! காயிலு. காத்து ஓடுகது கேக்குதா யாக்கூபே? ஒம்பதர." யாக்கூப் ஒன்பது போட்டார், அவருக்குக் காற்று கொஞ்சம் குறைவாக ஓடியிருக்கும். கழற்றி மாட்ட எனக்கென்ன, வேறு வேலை இல்லையா?

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றேன். "மூணுதானே?" என்று கேட்டார். அச்சப்பத்தைத் தின்னச் சொன்னேன். ரெக்கார்டைத் தாங்கும் தட்டைத் தூக்கி, பெல்ட்டை விலக்கி, திருகைத் தளர்த்திக் கப்பியை மாற்றினேன். இரண்டு நாளாகப் பழகிய கை. ஊசியை வைத்தேன்.

போர்வைக்கு இந்தப் பக்கம் பத்தொன்பது வயதுப் பூங்கனி பாட ஆரம்பித்தாள். மேல் சுரத்துக்குப் போனாள். நின்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நிறுத்துட்டி!" என்று வெளியே சத்தம் கேட்டது. "இது ஏதோ சைனா சாமானம். ஒரே கீச்சு. ரெண்டு மார்க்கு. பூங்கனிக்க குரலு எனக்குத் தெரியாதா? நாப்பத்தோரு வருசமா கேக்கேன். இது அவளில்ல."

யாக்கூப் பேனாவை மூடி வைத்தார்.

"அண்ணே, இது அக்காதான். அறுப்பின் பண்டிகைக்கு நான் சர்ச்சு மாடியில மைக் கொழாய் கட்டிட்டு நிக்கும்போ கேட்டேன். கயித்த விட்டுட்டேன், கொழாய் கீழ விழுந்துட்டு. இதே குரலாக்கும்."

நான் போர்வையை இழுத்துத் தள்ளிவிட்டு, கழற்றிய கப்பியைக் கொண்டுபோய் எங்கள் வீட்டுக்காரர் கையில் வைத்தேன். அதில் அறுபது என்று பொறித்திருந்தது. மாட்டியதில் ஐம்பது என்று இருப்பதை அவரே எட்டிப் பார்த்தார். நாலு தடவையும் ஒரே கார்ட்ரிட்ஜ்தான் என்றும் சொன்னேன்.

"சைக்கிள்..." என்றார். இருபத்தாறு வருட எலக்ட்ரீஷியன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு மனசு ஆறவில்லை. கல்யாண வீடு, துக்க வீடு எங்கே போனாலும் அவர் ஒரு கதை சொல்வார். லீவில் வந்தபோது அறுப்பின் பண்டிகையில் என் பாட்டைக் கேட்டு, அந்தக் குரலுக்காகவே என்னைக் கட்டினாராம். நாற்பத்தோரு வருடம் அந்தக் கதையை நம்பித்தான் நான் அந்த மனுஷனைச் சகித்தேன்.

"குரலக் கேட்டுக் கட்டினவருக்கு, கேட்டா தெரியாதா?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கப்பியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் சர்ச்சுக்குள்ள வரல்ல" என்றார். "வெளிய பைக்குல இருந்தேன். மஞ்ச சாரி உடுத்துட்டு நீ படியெறங்கி வந்தத கண்டேன். ஆரு பாடினதுன்னு கேட்டப்போ, அந்த மஞ்ச சாரிதான்னு சொன்னானுவ."

யாக்கூப் சட்டென்று செருப்பைத் தேடிப் போனார்.

எனக்கு வந்தது கோபமா சிரிப்பா என்று இன்றைக்கும் தெரியவில்லை. மஞ்சள் சேலை என் தங்கையுடையது, இரவல். அதை நான் சொல்லவில்லை, ஒரு நாளைக்கு இது போதும்.

"இன்னொரு தடவ போடேன்" என்றார்.

"எழும்பி நீங்களே போடுங்க."

எழுந்து போனார். ஊசியை வைத்தார். உட்காராமல் மெஷின் பக்கத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மூன்று நிமிடம் பத்து நொடி. கார்ட்ரிட்ஜ் என்கிற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவேயில்லை.