ஐந்தாம் பக்கம்

கரண்ட் போய் ஒரு மணி நேரமாகியும் சகாதேவன் சட்டையைக் கழற்றவில்லை. நாளைக் காலையில் மகளுக்கு நிச்சயதார்த்தம். எந்த நேரத்திலும் யாராவது வாசலில் வந்து நிற்கக்கூடும். பனியனோடு எதிர்கொள்கிற வீடு இதுவல்ல. கூடத்தில் மேசைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, சாய்மானத்தில் முதுகு படாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, மஞ்சள் பைகளில் தாம்பூலம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தேங்காய், வெற்றிலை பாக்குப் பொட்டலம், குங்குமச் சிமிழ், கடைசியாக மகளின் புத்தகம். நூற்றைம்பது பை. மனைவி பொன்னியும் மகள் சந்தியாவும் தைக்கக் கொடுத்த ரவிக்கைகளை வாங்கப் பாண்டிச்சேரிக்குப் போயிருந்தார்கள்.

புத்தகம் என்றாலும் அது உள்ளங்கை அகலம்தான். பதினாறு பக்கம், நடுமடிப்பில் இரண்டு பின். சந்தியாவும் அவளோடு கல்லூரியில் படித்த ஆரோக்கியசெல்வியும் நாலு வருஷமாக இப்படிச் சின்னச் சின்னக் கவிதைப் புத்தகங்கள் போடுகிறார்கள். இடையஞ்சாவடியில் செல்வி வீட்டு முன்னறையில் ஒரு பிரிண்டர், நீளக் கை வைத்த ஒரு ஸ்டேப்ளர், அவ்வளவுதான் பதிப்பகம். மழை, நண்டு, சவுக்குத் தோப்பு, பனிக்காலத்தில் கழுவெளி ஏரிக்கு வந்து இறங்கும் பறவைகள் என்று எல்லாம் வெட்டவெளியைப் பற்றிய கவிதைகள். விற்பதில்லை. தெரிந்தவர் வீட்டில் பிறந்தநாள், புதுவீடு குடிபோவது என்றால் பரிசாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பின்னட்டையில் ஒரே ஒரு வரி இருக்கும்: ‘படித்து முடித்ததும் இன்னொருவருக்குக் கொடுங்கள்.’ தன் நிச்சயத்துக்கு வருகிறவர்களுக்கும் இதைத்தான் கொடுப்பேன் என்று சந்தியா சொன்னபோது அவருக்குப் பெருமையாகவே இருந்தது. அச்சுக்குப் போகுமுன் தாள்களை அவரிடம் நீட்டினாள். “குருவி கொக்கு பத்தி எழுதினதுல நான் என்னாத்தம்மா பாக்குறது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போதும் படிக்க வேண்டும் என்று எடுக்கவில்லை. மகளின் பெயருக்கு முன்னால் தன் இனிஷியல் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் பிரித்தார். விழுந்திருந்தது. அந்தத் திருப்தியில் இரண்டு தாள் புரட்டினார். ஐந்தாம் பக்கத்தில் கை நின்றது.

*பவளக்காலி*

*ஒற்றைக் காலில் நிற்கும்*
*பவளக்காலியைப் பார்க்கும்போதெல்லாம்*
*இரண்டு கோடை முழுக்க*
*உப்புப் பாத்தியில் நின்ற*
*அம்மாவின் கால்கள்.*
*பறவைக்குச் சிவப்பு*
*பிறவியிலேயே வந்தது.*
*அம்மாவுக்கு*
*சாயங்காலந்தோறும் வந்தது.*

இரண்டு தரம் படித்தார். பிறகு, யாரோ பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதுபோலப் புத்தகத்தைச் சட்டென்று மூடினார்.

சகாதேவன் முப்பது வருஷம் மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவர். அளத்தில் இறங்கி உப்பு வாருகிறவர்கள் வேறு. வரப்பின்மேல் வெள்ளைச் சட்டையோடு நின்று வேலை வாங்குகிற மேஸ்திரி வேறு. தன் வீட்டுப் பெண்கள் அளத்தில் கால் வைப்பதில்லை என்பது அவருடைய அப்பா காலத்திலிருந்து வந்த வைராக்கியம். சந்தியாவுக்கு ஏழு வயதாக இருந்தபோது உப்பு லாரியிலிருந்து விழுந்து அவருக்கு முதுகெலும்பு முறிந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். இரண்டு வருஷம் கட்டில். அப்போதுதான் பொன்னி, யாருக்கும் அடையாளம் தெரியாமல் முக்காடு போட்டுக்கொண்டு, தூரத்துத் தெற்கு அளத்தில் இன்னொரு மேஸ்திரியின் கீழ் கூடை தூக்கப் போனாள். யாராவது வந்து கேட்டால், அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று கட்டிலில் இருந்தபடியே சொல்லுவார். அவள் திரும்பி வந்து கொல்லைப்புறத்தில் கால் கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். எழுந்து நடமாடத் தொடங்கியபின் அந்த இரண்டு கோடையைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. அவருக்கு முதுகு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. குனிய முடியாது. கீழே விழுந்த துண்டைக்கூட இன்னொருவர்தான் எடுத்துத் தர வேண்டும். அந்த நிமிர்வைப் பார்த்து ஊரில் மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை.

இதெல்லாம் போகட்டும். மூன்று மாதத்துக்கு முன்னால், மாப்பிள்ளை பிரபாகரனின் அப்பா தட்சணாமூர்த்தி வானூரிலிருந்து பெண் பார்க்க வந்தார். ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, விசாரிப்பதுபோலக்கூட இல்லாமல், “இந்தப் பக்கமெல்லாம் பொம்பளைங்களும் அளத்துக்குப் போவாங்க இல்ல?” என்றார். “எங்க வீட்டுப் பொம்பளைங்க கால்ல உப்பு பட்டதே இல்லைங்க” என்று சகாதேவன் சொன்னார். கேட்டது ஒன்று, சொன்னது அதற்கு மேல் நாலு மடங்கு. பொன்னி காபித் தட்டோடு பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

மேசைமேல் இருந்த செல்போன் அடித்தது. தட்சணாமூர்த்தியேதான்.

“என்னா சம்மந்தி, வேலையெல்லாம் ஓடுதா?”

“ஓடுதுங்க. ஒண்ணும் குறையில்லை.”

“எங்க வீட்டம்மா அங்கதான் பஸ் ஏறியிருக்காங்க. சீர்த்தட்டு எத்தனைன்னு பாக்கணுமாம். சும்மா சொல்றாங்க, அதுக்கு இல்லை. மருமவ எழுதின புக்கு இன்னிக்கே வேணுமாம். நான் பேப்பர் படிச்சா புடுங்கி வெங்காயத்த கொட்டுவாங்க. இப்ப ரெண்டு நாளா கண்ணாடியைத் தொடைச்சு தொடைச்சு வச்சிக்கினு இருக்காங்க.” சிரித்தார். “ஒண்ணு குடுத்து அனுப்புங்க.”

“குடுக்கிறேங்க” என்றார் சகாதேவன். போனை வைத்தபோது காதோரம் வியர்வை இறங்கியது. வானூரிலிருந்து பஸ் வர ஒரு மணி நேரம். புத்தகத்தையே வைக்காமல் விட்டுவிடலாம் என்றால் அந்தம்மா கேட்கத்தான் வருகிறாள். அச்சுப் பிழை என்று சொல்லலாமா? சந்தியா பக்கத்தில் நின்றுகொண்டு, எந்தப் பிழை என்று கேட்பாள். படித்து முடித்ததும் இன்னொருவருக்குக் கொடுங்கள். நூற்றைம்பது பேர், அவர்கள் கொடுக்கிற நூற்றைம்பது பேர். வானூர், பெருமுக்கல், திண்டிவனம் என்று அந்தக் கால்கள் வீடு வீடாக நடந்து போவது அவர் கண்ணில் தெரிந்தது.

எழுந்துபோய்ச் சவரப் பெட்டியிலிருந்து புது பிளேடு ஒன்றை எடுத்துவந்தார். இரும்பு ஸ்கேல் சந்தியாவின் அலமாரியிலேயே இருந்தது. முதல் புத்தகத்தை விரித்து, ஸ்கேலை மடிப்பை ஒட்டி வைத்து, பிளேடை இழுத்தார். ஐந்தாம் பக்கம் சத்தமில்லாமல் கையோடு வந்தது. எந்த வேலையும் அரைகுறையாகச் செய்து அவருக்குப் பழக்கமில்லை. கிழித்த அடையாளம் துளியும் தெரியக்கூடாது என்று பின்னுக்கு அடியில் நூலிழைகூட மிச்சம் வைக்காமல் அறுத்தார். இரண்டாவது, மூன்றாவது. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் கை நிற்கும். போய்விட்டதா என்று காது கொடுத்துவிட்டு மறுபடியும் ஓடும். வெட்டிய தாள்களை மேசையின் ஒரு ஓரத்தில் முகம் கவிழ்த்து அடுக்கினார். பின்பக்கத்தில் பூநாரையைப் பற்றி ஏதோ இருந்தது. அதைப் படிக்கவில்லை.

நாற்பது முடித்திருப்பார். முடித்த புத்தகம் ஒன்றைப் பைக்குள் போடுவதற்காகத் தூக்கியபோது அதிலிருந்து ஒரு தாள் நழுவி மேசையில் விழுந்தது. ஐந்தாம் பக்கமில்லை. பதினொன்று. இன்னொரு புத்தகத்தை எடுத்து உதறினார். அதிலிருந்தும் பதினொன்று விழுந்தது. நாற்பதிலும் விழுந்தது. ஒரே தாளைத்தான் நடுவில் மடித்துப் பின் அடித்திருக்கிறார்கள், முன்பாதி ஐந்து, பின்பாதி பதினொன்று, ஒன்றை அடியோடு அறுத்தால் மற்றதற்குப் பிடிமானம் இல்லை என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அதற்குள் கண் அந்தத் தாளின்மேல் போய்விட்டது.

*கொக்கு*

*சேற்றில்தான் நிற்கிறது.*
*ஒரு இறகிலும் சேறு இல்லை.*
*எங்கள் அப்பாவைப்போல.*
*அதற்காக*
*எத்தனை நேரம்*
*அசையாமலே நிற்க வேண்டியிருக்கிறது.*

இது புகழ்ச்சியா, கேலியா என்று அவருக்குத் தெரியவில்லை. மகளிடம் கேட்டுவிடவும் முடியாது. சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், நனைந்திருந்தது.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மறைப்பதற்கு நேரமில்லை, மறைக்க அவருக்குக் குனியவும் வராது. பொன்னி துணிப்பையோடு உள்ளே வந்தாள். சந்தியா வழியில் இடையஞ்சாவடியில் இறங்கி, செல்வியை ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வருகிறாளாம். சொல்லிக்கொண்டே வந்தவள் மேசையைப் பார்த்தாள். பிளேடைப் பார்த்தாள்.

“இன்னா பண்றீங்க?”

பொன்னி ஒரு புத்தகத்தை எடுத்து, அதன் முதுகை விரலால் தடவினாள்.

“அடியோட அறுத்திருக்கீங்க. ஒரு விரக்கடை விட்டு அறுத்திருந்தா அந்தாண்டப் பக்கம் நின்னிருக்கும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நூத்தம்பதும் நான் மடிச்சது. செல்வி வீட்ல மூணு ஞாயித்துக்கிழமை உக்காந்து மடிச்சேன். பின் அடிச்சதுதான் அவளுங்க.”

“உள்ள என்னா எழுதியிருக்குன்னு தெரிஞ்சா மடிச்ச?”

“தெரியாம? நான்தான சொன்னேன் அவகிட்ட.” பொன்னி துணிப்பையைக் கீழே வைத்தாள். “அந்தப் பறவை ஒண்ணு எம் பாத்திக்குப் பக்கத்துப் பாத்தியிலயே நிக்கும். வெரட்டினாலும் போவாது. நான் ஒரு அடி வாரிக்கினு போனா அதுவும் ஒரு அடி வரும். ஆள் யாரும் எங்கிட்ட பேசமாட்டாங்க, மேஸ்திரி பொண்டாட்டி ஆச்சே. அதுதான் துணை. எழுதிட்டு வந்து படிச்சுக் காட்டினா. எடுத்துடட்டுமாம்மான்னா. இருக்கட்டும்டீன்னேன்.”

“சம்மந்திகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கேன்.”

“சொன்னது நீங்க.”

“ஊருக்கே தெரியணுமாடி இது?”

“ஊர்ல தெரியாதவங்க யாரு?” பொன்னிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “முக்காடு தலைக்குத்தான போட்டேன். காலுக்கா போட்டேன்?”

சகாதேவனுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஆனால் அது எழும்பி வருகிற வழியிலேயே நின்றுவிட்டது. அவர் அவளுடைய கால்களைப் பார்த்தார். சாதாரணக் கால்கள், வயதான கால்கள், பஸ் நிலையப் புழுதி படிந்தவை. இவையா சிவந்திருந்தன? கொல்லைப்புறத்தில் நின்று ஏழு வயதுப் பெண் பார்த்திருக்கிறாள். அவர் பார்த்ததே இல்லை. சுவரைத்தான் பார்த்தார்.

“அந்தம்மா பஸ் ஏறிட்டாங்க” என்றார். குரல் அடங்கியிருந்தது. “புத்தகம் கேட்டு வர்றாங்க.”

“வரட்டும்.”

“என்னா சொல்றது?”

“என்னை ஏங்க கேக்குறீங்க? வெட்டாதது பாதிக்கு மேல இருக்குது. அதைக் குடுத்தாலும் சரி, இதைக் குடுத்தாலும் சரி. என்னைக் கேட்டாங்கன்னா நான் இல்லைன்னு சொல்லமாட்டேன், அவ்ளோதான். அன்னிக்கு காபித் தட்டோட நின்னேன் பாருங்க, அந்த மாதிரி இன்னொரு வாட்டி நிக்க என்னால ஆவாது.” பொன்னி சமையலறைப் பக்கம் நடந்தாள். “பால் இருக்குதான்னு பாக்குறேன்.”

அவர் இரண்டு கையிலும் இரண்டு புத்தகத்தை எடுத்தார். ஒன்று முழுசு, ஒன்று வெட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. முழுசைக் கொடுத்தால், அந்தம்மா பஸ்ஸில் திரும்பிப் போகும்போது ஐந்தாம் பக்கத்துக்கு வருகிற நேரத்தைக் கணக்குப் போட்டார். கூனிமேடு தாண்டியிருக்கும். வெட்டியதில் பதினொன்றைத் திரும்பச் செருகிக் கொடுத்தால் அது அவள் மடியில் விழும். இதென்ன, எங்கேயிருந்து விழுந்தது என்று திரும்ப எடுத்து வைக்கப் பார்ப்பாள், இடம் இருக்காது. எந்தக் கை பாரமாக இருந்தது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. சந்தியா வந்துவிட்டால் நல்லது என்று ஒரு நிமிஷமும், வரவே கூடாது என்று மறு நிமிஷமும் தோன்றியது.

தெருமுனையில் ஆட்டோவின் சத்தம் கேட்டது. அதே நேரத்தில் கரண்ட் வந்தது. காலையிலிருந்து ஐந்தில் வைத்திருந்த மின்விசிறி தடதடவென்று வேகமெடுத்தது. மேசை ஓரத்துத் தாள்கள் எல்லாம் ஒரே மூச்சில் எழும்பின. பறவைக் கூட்டம் கலைந்ததுபோலக் கூடம் முழுக்கச் சுற்றி, அவர் முகத்திலும் தோளிலும் மோதி, தரையில் இறங்கின. சகாதேவன் எழுந்து நின்றுவிட்டார். காலைச் சுற்றிலும் தாள்கள். ஐந்தும் பதினொன்றும் கலந்து கிடந்தன. சுவிட்ச் எதிர்ச் சுவரில் இருந்தது. போக வேண்டுமானால் மகளின் எழுத்தின்மேல் மிதித்துத்தான் போக வேண்டும்.

“பொன்னி” என்றார். “பொன்னி, இதைக் கொஞ்சம் எடேன்.”

அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் பால் பாத்திரம் இருந்தது. பார்த்தாள். குனியவில்லை.

ஆட்டோ கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா சின்னப்பாப்பா ஒரு கையில் பூக்கவரும் இன்னொரு கையில் மூக்குக்கண்ணாடிக் கூடுமாக இறங்கினார். “யாரு வீட்ல?” என்று சிரித்துக்கொண்டே படியேறினார். அவர் கதவைத் தள்ளியதும் காற்று ஒரு தாளை இழுத்துக்கொண்டு நிலைப்படிவரை போய், அவருடைய காலடியில் விட்டது. சகாதேவன் அதைத் தடுக்க ஒரு காலைத் தூக்கினார். வைக்க இடமில்லை. தூக்கிய காலோடு, நிமிர்ந்த முதுகோடு, கூடத்தின் நடுவில் அப்படியே நின்றார்.

சின்னப்பாப்பா பூக்கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். தாளை எடுத்து, கண்ணாடியை மாட்டி, வெளிச்சத்துப் பக்கம் திரும்பினார். அது ஐந்தா பதினொன்றா என்று அங்கிருந்து தெரியவில்லை. அவர் உதடுகள் மட்டும் ஒவ்வொரு எழுத்தாக அசைந்துகொண்டிருந்தன.