ரோட்டுப் பக்க யன்னல்

சுத்தியல் பிடியால் சுவரை நாலு இடத்தில் தட்டிப் பார்த்த நிப்றாஸ் மேசன், "ஐயா, இது வீட்டோட கட்டின சுவர் இல்ல. இடையில ஆரோ வேலை தெரியாத ஆள் வச்சிருக்கான். ஒரு கல்லும் மட்டத்துக்கு இல்ல" என்றார்.

"அந்த வேலை தெரியாத ஆள் நான்தான்" என்றார் குலசிங்கம், கதிரையை விட்டு எழும்பாமலே.

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நிப்றாஸ் நிவேதிகாவைப் பார்த்தார். அவள் சிரித்துவிட்டாள். குலசிங்கம் சிரிக்கவில்லை. இந்தச் சுவரில் கை வைக்கக்கூடாது என்று ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அதையும் மீறித்தான் மகள் நிவேதிகா மேசனைக் கூட்டி வந்திருந்தாள்.

நிவேதிகாவுக்கு வவுனியாவிலிருந்து திருகோணமலைப் பள்ளிக்கூடமொன்றுக்கு மாற்றம் கிடைத்திருந்தது. புருசன் டோஹாவில். தை மாதத்திலிருந்து அன்புவழிபுரத்தில், தாய் தகப்பனுடன் இருக்கலாம் என்பது எண்ணம். ஆனால் அவளுடைய ஆறு வயது மகளுக்குத் தொய்வு, மூச்சிழுப்பு. போன விடுமுறையில் இந்த அறையில் படுத்த மூன்றாம் நாளே நெஞ்சு இழுத்து, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. மருந்து எழுத முன் டொக்டர் கேட்ட கேள்வி, பிள்ளை எப்படிப்பட்ட அறையில் படுக்கிறது என்பதுதான்.

அன்றிலிருந்து அவள் கொப்பியில் எழுதத் தொடங்கினாள். பிளாஸ்டிக் சீலிங்கைக் கழற்ற வேண்டும். சுவரில் மூச்சுவிட இடமில்லாமல் அப்பிக் கிடக்கும் பெயின்றைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். நிலத்தில் ஒட்டிய பூப்போட்ட சீற்றை உரிக்க வேண்டும். அதன் அடியில் பூஞ்சணம் கறுப்பாகப் படர்ந்திருந்தது. புதுச் சாமான் ஒன்றும் வேண்டாம், பழைய அலுமாரியைத் துடைத்து வைத்தால் போதும், பாய் பன்புல்லில் இழைத்த பன்பாயாக இருந்தால் போதும். ஏசி பூட்டித் தருகிறேன் என்று குலசிங்கம் சொன்னபோது, காற்றுப் போக வழியில்லாத பெட்டியைக் குளிரவைத்தாலும் அது பெட்டிதான் என்று சொல்லிவிட்டாள். மிச்சத்துக்கெல்லாம் அவர் ஓம் என்றார். கடைசி வரியில் இருந்த, அடைத்த ரோட்டுப் பக்க யன்னலைத் திறக்கிற வேலைக்கு மட்டும் ஏலாது என்றார். அப்படியென்றால் உப்புவெளியில் வாடகைக்கு வீடு பார்க்கிறேன் என்றாள் அவள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அவள் சத்தம் போடாமல் சொல்கிறவற்றைச் செய்து முடிக்கிறவள்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் திரும்பச் சண்டை தொடங்கியபோதுதான் அந்த யன்னலை அவர் உள்பக்கத்தால் அடைத்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதர். சாந்துகரண்டி பிடித்து அறியார். ஊரடங்கு தளர்ந்த நேரங்களில், பாதியில் நின்ற ஒரு வீட்டிலிருந்து சீமெந்துக் கல்லைச் சைக்கிளில் இரண்டிரண்டாகக் கொண்டுவந்து, குளிக்கிற வாளியில் சாந்து குழைத்து, ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏற்றினார். அதன் பிறகு இரண்டு வருடம் ஐந்து பேரும் இந்த ஒரே அறையில்தான் படுத்தார்கள். அவர் சுவர் ஓரம், பக்கத்தில் நிவேதிகா, பிறகு மகன்மார் மதுசன், பிரகலாதன், அங்காலை மனைவி கோணேஸ்வரி. அவர் கையை நீட்டினால் மூன்று பிள்ளைகளையும் தொடலாம்.

பிறகு கை எட்டவில்லை. ஒருவன் சூரிச், ஒருவன் ரொறன்ரோ. ஊருக்கு வந்தாலும் வெக்கை தாங்காமல் நிலாவெளியில் ஹோட்டல் எடுத்துத் தங்கினார்கள். சந்தோசம் என்று நினைத்தால் குலசிங்கத்துக்குக் கலியாணமோ பிள்ளைகள் பிறந்ததோ வருவதில்லை. இந்த இருட்டு அறைதான் வந்தது. எத்தனையோ சனம் செத்த காலம். அந்தக் காலத்துக்காக ஏங்குகிறேன் என்று ஆரிடம் சொல்வது? மனைவியிடம்கூட அவர் சொன்னதில்லை.

"இந்தச் சுவர்தான் உங்கள் மூண்டு பேரையும் காப்பாத்தினது" என்றார் இப்போது.

குசினியிலிருந்து கோணேஸ்வரியின் குரல் வந்தது. "சுவர் ஒண்டும் காப்பாத்தேல்லை. அவங்கள் இந்தப் பக்கம் சுடேல்லை. அவ்வளவுதான்."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "எல்லாரும் வரிசையாப் படுத்தது ஞாபகம் இருக்கே பிள்ளை? என்ர கை கடைசிப் பிள்ளை வரைக்கும் எட்டும்."

"ஓம் அப்பா. உங்கட கை நல்லா ஞாபகம் இருக்கு." கொப்பியை மூடினாள். "எனக்கு அப்ப ஒரே இருமல். ரோட்டால ஆமி போகேக்கை என்ர வாயைப் பொத்துவீங்கள். மூக்கும் சேர்ந்து பொத்துப்படும், அது உங்களுக்குத் தெரியாது. நான் மனசுக்குள்ள எண்ணிக்கொண்டு கிடப்பன். ஒருநாள் நாப்பது வரைக்கும் எண்ணினனான்."

குறையாகச் சொல்லவில்லை. மறந்துபோன ஒரு ஆளின் பெயரை நினைவுபடுத்திச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். நிப்றாஸ் தன் பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

இருமல் குலசிங்கத்துக்கும் ஞாபகம் இருந்தது. பூட்ஸ் சத்தமும் இருந்தது. ஆனால் அவருடைய ஞாபகத்தில் அந்தக் கை அவள் கன்னத்தில் கிடந்தது. முப்பத்தைந்து வருடமாகக் கன்னத்தில்தான் கிடந்தது.

கதிரையை விட்டு எழும்பினார். "தம்பி, மேலயிருந்து உடையுங்கோ. கீழ கை வச்சா மொத்தமா வந்திடும். நான் சாந்தில சீமெந்தைக் குறைச்சுத்தான் போட்டனான்."

அரை நாள் வேலை. கற்களை எறிய நிவேதிகா விடவில்லை. தண்ணித் தாங்கி வைக்க உதவும் என்று முருங்கைக்குக் கீழே அடுக்கச் சொன்னாள். கல்லெல்லாம் போன பிறகும் யன்னல் திறக்கவில்லை. ரோட்டில் போகிறவர்களுக்கு அது யன்னலாகவே தெரிய வேண்டுமென்று, ஒவ்வொரு பொங்கலுக்கும் வெளிப்பக்கத்தால் கதவுகளுக்குப் பச்சைப் பெயின்ற் அடித்து வந்தவர் குலசிங்கம். பெயின்ற் இறுகி இரண்டு கதவும் ஒன்றாகிவிட்டிருந்தன. நிப்றாஸ் கத்தியால் நடுவே கீறித் தள்ளினார். வெளிச்சம் உள்ளே வந்ததும் அறை சின்னதாகிப் போனது. இதற்குள் ஐந்து பேர் எப்படிப் படுத்தார்கள் என்று குலசிங்கத்துக்கு விளங்கவில்லை.

தையில் நிவேதிகாவும் மகளும் வந்துவிட்டார்கள். ஒரு மத்தியானம், சுண்ணாம்பு மணம் இன்னும் போகாத அந்த அறையில், பன்பாயில் பிள்ளை நித்திரை. வாசல் நிலையில் சாய்ந்து குலசிங்கம் இருந்தார். ரோட்டில் போன ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நடந்தாள். துறைமுகப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது.

பிள்ளை ஒருமுறை இருமினாள்.

குசினியில் அகப்பைச் சத்தம் நின்றது. கோணேஸ்வரி ஈரக்கையோடு நடையில் நின்றாள். குலசிங்கம் பாதி எழும்பியவர், அடுத்த இருமலுக்குக் காது கொடுத்து அப்படியே நின்றார். காற்று யன்னல் சீலையைத் தூக்கி, பிள்ளையின் கால்வரை கொண்டுவந்து, அங்கேயே பிடித்து வைத்திருந்தது.